தேய்க்கத் தேய்க்கக் கறுக்கும் தோல்

கழுத்தெலும்பின் மேலோ முதுகிலோ கறுத்திருக்கும் இடத்தைக் காட்டி, "எவ்வளவு தேய்ச்சாலும் இந்த அழுக்கு போகவே மாட்டேங்குது டாக்டர்" என்பார்கள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அங்கே அழுத்தித் துடைத்துக் காட்டுவேன். பெரும்பாலும் பஞ்சு வெள்ளையாகவே இருக்கும். ஒட்டியிருப்பது அழுக்காக இருந்தால்தானே வரும்? நைலான் நார், பிரஷ், சொரசொரப்பான டவல் என்று தினமும் உரசி உரசியே அந்த இடம் கறுத்திருக்கிறது. எலும்பை ஒட்டித் தோல் இருக்கும் இடங்களில் இது அதிகம். நாரைத் தூக்கிப் போட்டால் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளுக்கும். கிரீமெல்லாம் அப்புறம்தான்.

எக்ஸ்ஃபோலியேட்டர் என்று விற்பவை எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றுதான்: தோலின் மேலடுக்கில் உள்ள இறந்த செல்களை அகற்றுவது. தோல் இதைத் தானாகவே செய்துகொள்கிறது. அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர இளவயதில் சுமார் 4 வாரம் ஆகும். வயது ஏற ஏற நாள் கூடும். நாம் பூசுவது அதற்கு ஒரு சின்ன உதவி, அவ்வளவுதான்.

ஸ்க்ரப், துகள்களால் உரசி எடுக்கும். ஆசிட் வகை, செல்களின் பிடியைத் தளர்த்தி உதிரவைக்கும். ஆசிட் என்றாலே பயப்படுகிறவர்கள் உண்டு. வால்நட் ஓட்டுத் தூளைவிட அளவான ஆசிடைத்தான் நான் நம்புவேன். வறண்டு மங்கிய தோலுக்கு லாக்டிக், கிளைகாலிக். சாலிசிலிக் எண்ணெயில் கரையும் என்பதால் தோலின் துளைக்குள் இறங்கும். துளை அடைத்து வரும் கரும்புள்ளிக்கும் (பிளாக்ஹெட்) பருவுக்கும் அது ஏற்றது. ஆஸ்பிரின் ஒவ்வாமை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். சிவந்து வீங்கிய பருவின் மேல் ஸ்க்ரப் போடவே கூடாது.

வீட்டில் கிளைகாலிக் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 30 சதவீத பீல், அதாவது தோலை உரிக்கும் கடுமையான ஆசிட், ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கிறது. அதனால் வெந்துபோய் வரும் முகங்களைப் பார்க்கிறேன். மாநிறத்தவர்களுக்கும் கறுப்பானவர்களுக்கும் அந்தப் புண் ஆறிய பிறகும் தழும்புக் கறுப்பு பல மாதம் நிற்கும்.

"எரிஞ்சது, சரி, வேலை செய்யுதுன்னு விட்டுட்டேன்" என்பது அடிக்கடி கேட்கும் வசனம். லேசான குறுகுறுப்பு சில நிமிடத்தில் அடங்கினால் பரவாயில்லை. வெறும் மாய்ஸ்சரைசரே எரிகிறது, முகம் இழுத்துப் பிடித்துக் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது என்றால் மேலடுக்கு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும் சில வாரம் போதும்.

தொடங்குபவர்கள் வாரத்துக்கு ஒரு இரவு தொடங்கலாம். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைப் பூச்சு) பூசும் இரவிலும் வேக்சிங் செய்த அன்றும் தவிர்க்கவும். கிளைகாலிக் போட்டால் வெயில் சீக்கிரம் சுடும். நிறுத்திய பிறகும் ஒரு வாரம்வரை சன்ஸ்கிரீனை விட வேண்டாம்.