சொல் விளக்கம்: சோதனை

பெருநாள் நெருங்கும்போது கோலாலம்பூர்ச் சாலைகளில் தடுப்பு போட்டு அடையாள அட்டை கேட்பதையும், கேளிக்கை மையத்துக்குள் புகுந்து பைகளைக் கொட்டிப் பார்ப்பதையும் நம் நாளேடுகள் ‘சோதனை’ என்ற ஒரே சொல்லால் எழுதிவிடுகின்றன. சட்டத்தின் பார்வையில் இவை வெவ்வேறு செயல்கள்; குடிமகனுக்குள்ள உரிமையும் இரண்டிலும் ஒன்றன்று.

சோதனை வடசொல். அதன் மூலமான ‘சோதனா’வுக்குத் தூய்மையாக்குதல் என்பது பொருள், ‘சுத்தம்’ அதே வேரில் பிறந்தது. தூய்மையா என ஆராய்வது, பின்னர் துருவித் தேடுவது எனத் தமிழில் அது விரிந்தது. மலாய் மொழியோ இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. பார்த்துச் சரிபார்ப்பது ‘பெரிக்சா’, துழாவித் தேடுவது ‘கெலெடா’, அதிரடியாகப் புகுவது ‘செர்பு’. இவற்றுள் பெரிக்சா நம் ‘பரீட்சை’யின் உடன்பிறப்பு என்பது சுவையான செய்தி.

1967ஆம் ஆண்டுக் காவல்துறைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சாலைத் தடுப்பு அமைக்க அதிகாரம் அளிக்கிறது. அங்கே அடையாள அட்டையைக் காட்ட மறுக்க முடியாது. ஆனால், அதே சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி ஆணையின்றி ஒரு வாகனத்தைத் துழாவ, அது குற்றச்செயலுக்குப் பயன்படுகிறது என்னும் நியாயமான ஐயம் காவலருக்கு இருக்க வேண்டும். வீட்டைத் தேடுவதற்குப் பொதுவாக நீதிமன்றத்தின் ஆணை தேவை. எனினும், ஆணை பெறும் தாமதத்தில் தடயம் கைநழுவும் எனக் கருதினால் அதிகாரி ஆணையின்றியே நுழைய 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் போன்றவை இடமளிக்கின்றன. பெண்ணின் உடலைப் பெண்ணே, கண்ணியம் குறையாமல் தேட வேண்டும். சீருடை அணியாதவர் நிறுத்தினால் அவருடைய அதிகார அட்டையைக் கேட்கலாம்; அது சிவப்பாக இருந்தால் அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டவர்.

அமெரிக்க அரசியலமைப்பில் 1791இல் சேர்ந்த நான்காவது திருத்தம் நியாயமற்ற தேடுதலை வெளிப்படையாகத் தடுக்கிறது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பில் அத்தகைய தனி விதி இல்லை. சட்டப்படியன்றி ஒருவருடைய தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கலாகாது என 5ஆம் விதி கூறுகிறது. கைதானவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பனவும் அதில் அடங்கும். இவை கைதுக்கான காப்புகள். தேடுதலுக்கான காப்பைச் சாதாரணச் சட்டங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே, அட்டையையும் உரிமத்தையும் பார்ப்பதற்குச் ‘சரிபார்ப்பு’ என்பதும், உடலையும் உடைமையையும் துழாவுவதற்குத் ‘தேடுதல்’ என்பதும், நீதிமன்றத் தாளுக்குத் ‘தேடுதல் ஆணை’ என்பதும் பொருந்தும். பிடியாணை வேறு, அது ஆளைப் பிடிப்பதற்கு. ‘திடீர்ச் சோதனை’யில் உள்ள ‘திடீர்’ அகப்பட்டவரின் வியப்பை மட்டுமே சொல்கிறது. யாரை நிறுத்துவது என முன்குறிக்காமல் தெரிவதைச் சொல்ல, இலங்கைத் தமிழரின் ‘எழுமாறாக’ என்ற வழக்கே மேல். ‘பரிசோதனை’யை மருத்துவமனைக்கே விட்டுவிடலாம்.