‘கருவிப் பெட்டி - 1’ என்று எழுதுவதை நிறுத்துங்கள்

விமானப் பராமரிப்பு என் தொழில். ஓய்வு கிடைக்கும்போது நண்பர்களுக்கு விண்வெளி ரோல்பிளேயிங் கேம் நடத்துவேன்: மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதையை ஆடுவோம், எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும், கதாபாத்திரத்தின் திறனும் சாமான்களும் ஒரு தாளில் இருக்கும். போன ஆட்டத்தில் மறுபடியும் அதே கூத்து. கப்பலுக்கு வெளியே குளிரூட்டிக் குழாயில் கசிவு. இன்ஜினியராக ஆடுபவர் “நான் போய்ச் சரி பண்ணிட்டு வர்றேன்” என்று சொல்லிக்கொண்டே பகடையைக் கையில் எடுத்துவிட்டார். எதை வைத்துச் சரி பண்ணுவீர்கள் என்று கேட்டேன். கதாபாத்திரத் தாளை என் பக்கம் திருப்பினார். துப்பாக்கிக்கு மட்டும் ஆறு வரி: என்ன மாடல், எத்தனை குண்டு, எவ்வளவு தூரம் பாயும், உறை இடுப்பில் எந்தப் பக்கம், எல்லாம் இருந்தது. அடியில் ஒரு மூலையில் ‘கருவிப் பெட்டி - 1’. அவ்வளவுதான்.

இதை இனியும் பொறுத்துக்கொண்டு போக முடியாது என்பதால் எழுதுகிறேன். கப்பலில் மூச்சு விடும் அத்தனை பேரின் உயிரும் இன்ஜினியரின் பையில் இருக்கிறது. அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாவிட்டால் எப்படி?

முதலில், என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் நம்பிக்கை: “அங்கேதான் எடையே இல்லையே, வேலை சுலபம்தானே?” இல்லை. எடையில்லாத இடத்தில் வேலை கடினம். பொறுமையாகச் சொல்கிறேன், தயவுசெய்து முழுவதும் படியுங்கள். தரையில் நின்று ஒரு போல்ட்டை ஸ்பானரால் முறுக்கும்போது உங்கள் உடல் எடையும், தரையைப் பற்றியிருக்கும் செருப்பும் சேர்ந்து உங்களை நிறுத்திவைக்கின்றன. அந்த உதவியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எடை போய்விட்டால் அந்த உதவியும் போய்விடும். இறுகிய போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு இழுத்தால் போல்ட் அப்படியே இருக்கும், நீங்கள்தான் எதிர்ப்பக்கம் சுழல்வீர்கள். சுழலாமல் இருக்க ஒரு கையால் கம்பியைப் பிடித்தால் வேலைக்கு மிஞ்சுவது ஒரே கை. இருநூறு கிலோ பம்ப்பைத் தள்ளினால் நகரும், சரி. ஆனால் நகர ஆரம்பித்ததை நிறுத்துவது யார்? எடைதான் போயிற்று, நிறை அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பம்ப்புக்கும் சுவருக்கும் நடுவில் உங்கள் கை மாட்டினால் தரையில் நசுங்குவது போலவே நசுங்கும்.

இது என் கற்பனை இல்லை. ஜெமினி விண்கலங்களில் அமெரிக்கர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 1966 ஜூனில் ஜெமினி 9-இல் வெளியே வந்த யூஜின் செர்னான் பிடிமானம் கிடைக்காமல் போராடிக் களைத்துப் போனார். முகக் கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே இருப்பது தெரியவில்லை. செய்ய வேண்டிய சோதனையைக் கைவிட்டுவிட்டுத்தான் உள்ளே திரும்பினார். செப்டம்பரில் ஜெமினி 11-இல் ரிச்சர்ட் கார்டனுக்கும் அதே களைப்பு, அவருடைய வேலையும் பாதியில் நின்றது. நவம்பரில் ஜெமினி 12. இந்த முறை தண்ணீருக்கடியில் பயிற்சி எடுத்துக்கொண்டு போனார் பஸ் ஆல்ட்ரின். கைப்பிடிகள், பாதத்தைச் செருகும் பிடிகள், இடுப்பைக் கலத்தோடு இணைக்கும் பட்டைகள் எல்லாம் தயாராக இருந்தன. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்து போல்ட்டுகளையும் இணைப்பிகளையும் நிதானமாகக் கையாண்டுவிட்டு வந்தார். காலை ஊன்ற இடம் கிடைத்தால் இவ்வளவு வித்தியாசம்.

ஆகவே, தாளில் ஸ்பானருக்கு முன்னால் எழுத வேண்டியவை: பாதப் பிடி, இடுப்புப் பட்டை, கைப்பிடிக் கம்பியில் மாட்டும் கிளாம்ப். கேம் மாஸ்டர்களே (என்னைப் போல ஆட்டத்தை நடத்துபவர்களே), இவை இல்லாமல் வெளியே போகிறவருக்குப் பகடையைக் கொடுக்காதீர்கள். “காலை எங்கே வைத்திருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். காந்தக் காலணி இருக்கிறது என்பார்கள். கப்பலின் மேல்தகடு எந்த உலோகம் என்று அடுத்துக் கேளுங்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது.

அடுத்தது கயிறு. உங்களைக் கட்டும் கயிறு எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கருவியைக் கட்டும் கயிறு யாருக்கும் வருவதில்லை. 2008 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்தின் சூரியத் தகடுகளைத் திருப்பும் மூட்டுக்கு கிரீஸ் போடப் போனார் ஹைட்மேரி ஸ்டெஃபானிஷின்-பைப்பர். பைக்குள் கிரீஸ் துப்பாக்கி கசிந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கருவிப் பை மெல்ல நழுவிப் போயிற்று. பல மாதங்கள் பூமியைச் சுற்றிவிட்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வளிமண்டலத்தில் எரிந்தது. 2023 நவம்பரில் இன்னொரு பையும் அதே மாதிரி போனது. வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள் கையிலிருந்தே நழுவுகிறது, நம் கதாபாத்திரத்தின் கையிலிருந்து நழுவாதா?

எங்கள் ஹேங்கரில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய பள்ளம் உண்டு. வேலை முடிந்ததும் ஒரு பள்ளம் காலியாக இருந்தால் அந்தக் கருவி கிடைக்கும் வரை விமானம் நகராது, யார் வந்து கத்தினாலும் சரி. ஆட்டத்திலும் இதைக் கொண்டுவாருங்கள்: வெளியே போகும்போது காற்றறையில் (கப்பலுக்கும் வெளிக்கும் நடுவில் உள்ள சிற்றறையில்) ஓர் எண்ணிக்கை, திரும்பும்போது ஓர் எண்ணிக்கை. கப்பலுக்கு உள்ளேயே தொலைந்த சாமான் என்றால் காற்று உறிஞ்சும் வலையில் போய்ப் பாருங்கள். விண்வெளி நிலையத்தில் கைவிட்டுப் போன சின்னச் சாமான்கள் காற்றோட்டத்தில் மிதந்து வந்து சேரும் இடம் அதுதான்.

அப்புறம் கையுறை. இன்றைய அமெரிக்க விண்வெளி உடைக்குள் இருக்கும் அழுத்தம் நாம் தரையில் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அளவுக்கே கையுறை உப்பி விறைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை விரலை மடக்குவதும் ஒரு மல்லுக்கட்டு. நகம் பெயர்ந்து வந்தவர்களும் உண்டு. இந்தக் கையால் சின்ன ஸ்க்ரூவை எடுக்க முடியாது. 2009 மே மாதம் ஹப்பிள் தொலைநோக்கியில் ஒரு கருவியைப் பழுதுபார்க்க 111 குட்டி ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டியிருந்தது. அவை பறந்து போகாமல் உள்ளேயே பிடித்துவைக்க மேலே ஒரு தகட்டைப் பொருத்துவதாகத் திட்டம். அந்தத் தகட்டைப் பொருத்த முதலில் ஒரு கைப்பிடியை எடுத்தாக வேண்டும். அதன் போல்ட்டில் ஒன்றின் தலை வழுக்கிவிட்டது. கருவி சுற்றுகிறது, போல்ட் அசையவில்லை. கடைசியில் மைக் மாசிமினோ கைப்பிடியைக் கையாலேயே இழுத்து உடைத்தெடுத்தார். அதற்குப் பிறகுதான் அந்த 111-க்கே போக முடிந்தது.

கேம் மாஸ்டர்களுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பகடை சறுக்கினால் “முடியவில்லை” என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடாதீர்கள். போல்ட் தலை வழுக்கிற்று, பேட்டரி குளிரில் செத்துப்போயிற்று, கிரீஸ் கையுறையெல்லாம் அப்பிக்கொண்டது என்று சொல்லுங்கள். இன்ஜினியர் பையைத் திறந்து யோசிக்க ஆரம்பிப்பார்.

“எங்கள் ஆள் எதையாவது வைத்து ஒப்பேற்றிவிடுவார்” என்பதும் அடிக்கடி காதில் விழும் பேச்சு. ஒப்பேற்றலாம், தாராளமாக. அந்த ‘எதையாவது’ கப்பலில் இருக்க வேண்டுமே! 1970 ஏப்ரலில், நிலவுக்குப் போகும் வழியில் பழுதான அப்போலோ 13-இல், மூச்சுக்காற்றைச் சுத்தம் செய்யும் சதுர வடிவ வடிகட்டியை வட்டத் துளையுள்ள அமைப்போடு இணைத்தது பிளாஸ்டிக் பையும், அட்டையும், உடையின் குழாயும், டேப்பும். கலத்தில் என்னென்ன இருக்கிறது என்று தரையில் இருந்தவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்ததால்தான் அந்த வழி பிறந்தது. 2018-இல் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் இரண்டு மில்லிமீட்டர் துளையை அடைத்தவை எபாக்ஸிப் பசையும் காயத்துக்குக் கட்டும் துணியும். 2012-இல் சுனிதா வில்லியம்ஸும் அகிஹிகோ ஹோஷிடேயும் போல்ட் துளைக்குள் படிந்த உலோகத் துகளைச் சுத்தம் செய்ய ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷையும் சேர்த்துக்கொண்டார்கள். டேப், கம்பி, பசை, துணி, வாஷர், கேபிள் டை எல்லாவற்றையும் எழுதுங்கள், அளவோடு. செலவானால் அடியுங்கள்.

விதிப் புத்தகத்தில் இதற்கெல்லாம் இடமில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். கர்ப்ஸ் (GURPS) என்ற ரோல்பிளேயிங் கேமின் விதிகளில் தொழில்நுட்பத் திறனைக் கருவியே இல்லாமல் பயன்படுத்தினால் திறன் எண்ணில் 10 கழியும், ஒப்பேற்றிய கருவி என்றால் 5 கழியும், நல்ல கருவிக்கு 1 கூடும். டிராவலர் (Traveller) என்ற விண்வெளி கேமின் பழைய விதிகளில் கப்பல் விலையில் 0.1 சதவீதத்தை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு எடுத்துவைக்க வேண்டும், அதற்காகக் கப்பல் இரண்டு வாரம் துறைமுகத்தில் நிற்க வேண்டும். மேஜையில் உட்கார்ந்ததும் நாம் முதலில் தாண்டிப் போவது இந்தப் பக்கங்களைத்தான்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கதவு வழியாகக் கேபிள் இழுக்காதீர்கள். இழுத்தே ஆக வேண்டும் என்றால் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டர் தொங்கட்டும். 1997 ஜூன் 25 அன்று சரக்குக் கலம் மோதி ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தின் ஒரு பகுதியிலிருந்து காற்று வெளியேறியபோது, வாசலில் ஓடிய கேபிள்களை அகற்றிய பிறகுதான் கதவை மூட முடிந்தது. விண்வெளியில் வெல்டிங் செய்யலாம், 1984-இல் ஸ்வெத்லானா சவித்ஸ்கயா கலத்துக்கு வெளியே செய்தும் காட்டினார். ஆனால் உருகிய உலோகத் துளி உடையில் பட்டால் உள்ளே இருப்பவர் கதி என்ன என்பதை முதலில் யோசியுங்கள். வெயிலில் 120 டிகிரி வரை போகும் கருவி நிழலில் பூஜ்யத்துக்கு 150 டிகிரி கீழே போகலாம். சாதாரண கிரீஸையும் பேட்டரியையும் நம்பி வெளியே போகாதீர்கள். டார்ச் இரண்டு, ஒன்று தலையில்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கி அந்தப் பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை வரிவரியாக எழுதிவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அதில் டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) இருந்தால் கடைசியாக அளவு சரிபார்த்த தேதியையும் பக்கத்திலேயே போடுங்கள். என் மேஜையில் அந்தத் தேதி இல்லாத ரெஞ்ச்சால் ரியாக்டர் மூடியைத் தொட விடமாட்டேன்.