அதான் கூகுள்ல இருக்கே!

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது லோரி ஓட்டுநர் ஒருவர் என் கடைக்கு வந்தார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்பவர். டன் கணக்கில் கூலி. ஆலையில் எடை போட்டதும் தரும் சீட்டைக் குத்தகைக்காரரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதால், ஒவ்வொரு சீட்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வார். மாதக் கடைசியில் கணக்கு இடித்தால் அந்தப் படங்கள்தான் சாட்சி.

"தம்பி, சீட்டுப் படமெல்லாம் காணோம். எப்படியாவது எடுத்துக் குடுங்க."

நடந்தது இதுதான். போனில் 'ஸ்தோரான் பெனு', அதாவது சேமிப்பிடம் நிரம்பிவிட்டது என்று வந்துகொண்டே இருந்திருக்கிறது. கேமராவைத் திறந்தால் படம் பதியவில்லை. அக்காள் மகன் போனை வாங்கிப் பார்த்து, "அதான் எல்லாம் கூகுள்ல இருக்கே மாமா, போன்ல எதுக்கு?" என்று கூகுள் போட்டோஸைத் திறந்து, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, குப்பைத்தொட்டிப் படத்தைத் தட்டிவிட்டான். அப்போதும் இடம் கூடவில்லை. சரி என்று குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டான். கெட்டிக்காரப் பையன். அங்கேதான் வினை.

பத்து வருடமாக இங்கே கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். திரை உடைந்து வருபவர்களைவிட, 'இடம் பத்தவில்லை' என்று வருபவர்கள்தான் எனக்குப் பயம். திரையை மாற்றிவிடலாம். அவசரத்தில் அழித்ததை மீட்பது அப்படியல்ல. இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டுப்போட்டுப் பதிவாகிறது. அழித்தால், பழைய மெமரி கார்டில் மீட்டதுபோல் மீட்க முடிவதில்லை.

கூகுள் போட்டோஸ் போனில் உள்ள படத்தையும், மேலே, அதாவது இணையத்தில் உள்ள நம் கூகுள் கணக்கில், ஏறிய படத்தையும் ஒரே சன்னலில் காட்டுகிறது. பார்ப்பதற்கு ஒரு படம், இருப்பதோ இரண்டு இடத்தில். அங்கே அழித்தால் இரண்டும் போகும். மேலே ஏறிய படம் என்றால் 60 நாள் தொட்டியில் கிடக்கும், ஏறாத படம் 30 நாள். தொட்டியில் கிடக்கும்வரை இடமும் முழுதாகத் திரும்பாது. அதனால்தான் ஆட்கள் பொறுமையிழந்து தொட்டியையும் காலி செய்கிறார்கள். அந்தச் செயலியிலேயே 'இடத்தைக் காலியாக்கு' என்று தனியாக ஒரு வசதி இருக்கிறது. மேலே பத்திரமாக ஏறிய படங்களின் போன் பிரதியை மட்டும் அது நீக்கும். அந்தப் பையன் தொட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

'மேலே இருக்கிறது' என்பதாவது உண்மையா? பாதிப் பேருக்கு இல்லை என்பேன். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மின்னஞ்சல், டிரைவ், படங்கள் எல்லாம் அதற்குள்தான். படங்களுக்கு அளவே இல்லை என்றிருந்த காலம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2024-லிருந்து ஆண்ட்ராய்டு வாட்சாப்பின் பேக்கப்பும் அதே 15 ஜிபியில் கைவைக்கிறது. நிரம்பியதும் படம் ஏறுவது நின்றுவிடும். கூகுள் சொல்லத்தான் செய்கிறது, நாம் அந்த அறிவிப்பைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். இன்னொன்று: கேமராவில் எடுத்த படங்கள்தான் தானாக ஏறும். வாட்சாப்பில் வந்த படங்கள் ஏறவேண்டுமென்றால் அந்த ஃபோல்டரை நாமே தேர்ந்தெடுத்து இயக்கிவிட வேண்டும். தோட்டத்துக்குள் லைன் கிடைக்காதவர்களுக்கு இதோடு இன்னொரு தொல்லை. வைஃபையில் மட்டும் ஏற்று என்று வைத்திருப்பார்கள், லயத்து வீட்டில் வைஃபை ஏது? மாதக்கணக்கில் ஒரு படமும் ஏறியிருக்காது.

கடைக்கு வருபவர்களிடம் நான் செய்வது ஒரே ஒரு சோதனை. அவர்கள் கணக்கைக் கடைக் கணினியில் திறக்கச் சொல்வேன். நேற்று எடுத்த படம் அதில் தெரிகிறதா? தெரிந்தால் மேற்கொண்டு பேசலாம். தெரியாவிட்டால் எதையும் தொடக்கூடாது.

அப்புறம் வாட்சாப். வானொலியில் புலனம் என்கிறார்கள், கடையில் வாட்சாப்தான். கோயில் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, தோட்டத்துக் காற்பந்துக் குழு, குடும்பக் குழு என்று ஆளுக்குப் பத்து. போன மாதம் ஒரு பாட்டி என் கடை பெஞ்சில் உட்கார்ந்து காலை வணக்கப் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். ரோஜாப்பூ, முருகன், ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நூறு எம்பிகூடத் தேறவில்லை. அந்தப் படம் ஒவ்வொன்றும் சில நூறு கேபிதான். நான் வாட்சாப் அமைப்புகளில் சேமிப்பகத்தை நிர்வகிக்கும் பகுதியைத் திறந்து காட்டினேன். 5 எம்பிக்கு மேலானவை தனியாக, பலமுறை கைமாறி வந்தவை தனியாக, எந்தக் குழு எவ்வளவு தின்கிறது என்பது வரிசையாக இருக்கும். மேலிருந்து இருபது வீடியோவை அழித்ததும் ஒன்றரை ஜிபி திரும்பியது. "அப்ப ரோஜாப்பூ இருக்கலாமா?" என்றார். தாராளமாக இருக்கலாம்.

மீதி இடத்தைத் தின்றது பேரன் எடுத்த தைப்பூசக் காவடி வீடியோ. 4கே என்னும் மிகத் துல்லியமான தரத்தில் எடுத்திருந்தான். ஐபோனின் கேமரா அமைப்பிலேயே இந்தக் கணக்கு எழுதியிருக்கிறது: 1080பி-யில் ஒரு நிமிடம் சுமார் 60 எம்பி, 4கே-யில் நொடிக்கு 30 பிரேம் என்றால் 170, 60 பிரேம் என்றால் 400. ஆண்ட்ராய்டில் எண்கள் சற்று மாறலாம், விகிதம் ஏறக்குறைய இதுதான். பாட்டி பார்ப்பது ஆறு அங்குலத் திரையில். 1080பி தாராளம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் ஒருவருக்கு அவசரமாக இடம் தேடியபோது, அவருடைய வங்கிச் செயலியில் 'கிளியர் கேஷ்' என்பதற்குப் பதில் 'கிளியர் டேட்டா'வைத் தட்டிவிட்டேன். கேஷ் என்பது செயலி தன் வசதிக்காக வைத்திருக்கும் தற்காலிகச் சரக்கு, போனால் மீண்டும் சேர்ந்துகொள்ளும். டேட்டா போனால் செயலி உங்களையே மறந்துவிடும். முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டியதாயிற்று. மோசடிகளைத் தடுக்க 2022-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்ன நடவடிக்கைகளில், புதிதாகப் பதிபவரைச் சற்றுக் காத்திருக்க வைப்பதும் ஒன்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்று சம்பள நாள். மறுநாள்வரை அவரால் வீட்டு வாடகை அனுப்ப முடியவில்லை. நான் மிச்சப்படுத்தியது இருநூறு எம்பி.

'போனைச் சுத்தம் செய்யும்' செயலிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். வேண்டாம். பல செயலிகள் விளம்பரம் காட்டுவதற்கென்றே இருப்பவை, போனில் உள்ள வசதிகளே போதும். அதிலும் வாட்சாப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது தட்டினால் போனில் செயலியை நிறுவும் கோப்பை, தொடவே தொடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் வருகிறது. தட்டி, பணம் போனால் தாமதிக்காமல் வங்கிக்கோ, மோசடிப் புகார் எண்ணான 997-க்கோ அழையுங்கள்.

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் '1 டிபி' மெமரி கார்டும் அதே ரகம். உள்ளே இருப்பது சில ஜிபி மட்டும். பெரிய எண்ணைக் காட்டும்படி அதன் சில்லை மாற்றி எழுதியிருப்பார்கள். உண்மையான அளவு தீர்ந்ததும் புதுப் படங்கள் ஏறுவதுபோல் ஏறி, திறந்தால் சாம்பல் கட்டமாக நிற்கும்.

லோரிக்காரர் கதைக்கு வருகிறேன். பெரும்பாலான சீட்டுகளை அவர் அவ்வப்போது குத்தகைக்காரரின் கணக்கெழுதும் கிராணிக்கு வாட்சாப்பில் அனுப்பியிருந்தார். நல்ல மனிதர் அந்தக் கிராணி, தன் போனிலிருந்து அத்தனையையும் திருப்பி அனுப்பினார். பதினோரு நாள் சீட்டுகள் மட்டும் கிடைக்கவே இல்லை. அந்த நாட்களுக்கு அவர்கள் எழுதிய கணக்கை அப்படியே ஒப்புக்கொண்டார்.

இப்போது சனிக்கிழமை பட்டணத்துக்குக் காய்கறி வாங்க வரும்போது என் கடையில் போனை விட்டுவிட்டுப் போகிறார். அவர் தேநீர் குடித்து வருவதற்குள் கடை வைஃபையில் படங்கள் மேலே ஏறிவிடும். டைப்-சி முனையுள்ள பென்டிரைவ் ஒன்றிலும் அந்த வாரச் சீட்டுகளை இறக்கிக் கொடுக்கிறேன். அதை லோரிச் சாவியோடு கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார். போனும் பென்டிரைவும் ஒரே லோரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்து தொலையுமே, வீட்டில் வையுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"வீட்ல வச்சா அந்தப் பய எடுத்து அழிச்சிடுவான் தம்பி."