கிரியேட்டிவ் இண்டஸ்ட்ரி: படைப்பா, ஆக்கமா?

வடபழனியில் ஒரு டீக்கடை. சினிமா செட்டில் தெர்மாகோலைக் கருங்கல்லாக மாற்றிவிட்டு, நகக்கண்ணில் சாம்பல்நிறப் பெயின்டோடு நின்றிருந்தார் ஒரு பெரியவர். "நீங்களும் கிரியேட்டிவ் டீமா?" என்று கேட்டேன். "அவங்கல்லாம் ஏசி ரூம்ல இருப்பாங்க சார். நான் பெயின்டர்."

'கிரியேட்டிவ் இண்டஸ்ட்ரி'யைத் தமிழில் எப்படிச் சொல்வது? அவர் சொன்னதில்தான் இந்தச் சொல்லின் சிக்கலே இருக்கிறது. 'கிரியேட்' லத்தீனிலிருந்து வந்தது. உண்டாக்குவது என்று பொருள். 'இண்டஸ்ட்ரி'யும் லத்தீன்தான், முதலில் முனைப்பான உழைப்பைக் குறித்தது, ஆலை என்ற பொருள் அப்புறம் ஒட்டிக்கொண்டது. 1940களில் ஜெர்மன் சிந்தனையாளர்கள் அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 'கலாசாரத் தொழில்' என்று எழுதியபோது அது கிட்டத்தட்ட வசவு. இன்று அதன் தம்பி 'கிரியேட்டிவ் இண்டஸ்ட்ரி' முதலீட்டாளர் மாநாட்டு மேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறது!

மாலை போட்டது பிரிட்டிஷ் அரசு. சினிமா, இசை, விளம்பரம், பதிப்பு, கைவினை, மென்பொருள் உட்பட 13 துறைகளை 1998இல் பட்டியலிட்டு, தனிமனிதரின் படைப்பாற்றலில் பிறந்து, அறிவுசார் சொத்துரிமை வழியாகச் செல்வமும் வேலையும் தரக்கூடியவை என்று வரையறுத்தது. இங்கே சினிமாவுக்குத் தொழில்துறை அந்தஸ்து அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 'தனிமனிதர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உரிமத்தொகை பெயருள்ளவருக்குப் போகும். பெயின்டருக்கு அன்றன்றைய சம்பளமும் பேட்டாவும்தான்.

தமிழில் 'படைப்புத் தொழில்கள்' பரவலாகிவிட்டது. தவறில்லை. ஆனால் படைப்பாளி என்றால் நமக்கு எழுத்தாளரும் இயக்குநரும்தான். லைட்மேனை யாரும் அப்படிச் சொல்வதில்லை. 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பு நகரங்கள் வரிசையில் சென்னையை இசைக்காகச் சேர்த்தது. இசை என்றதும் பலருக்கு மயிலாப்பூர் சபாதான் கண்முன் வரும். வடசென்னைச் சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடுகிறவரும் இதே ஊர்க்காரர்தான்.

என் ஓட்டு 'ஆக்கத் தொழில்கள்' என்பதற்கு. வள்ளுவரிடம் ஆக்கம் என்றால் செல்வம். வீட்டில் சோறு ஆக்குகிறோம். கையால் செய்வது, அதனால் வரும் காசு, இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. உற்பத்தித் தொழிலோடு குழப்பிக்கொள்ள இடமுண்டு என்பது குறைதான்.

சரி, இன்னொரு நாள் பெரியவரைப் பார்த்தபோது, "நீங்க ஆக்கத் தொழிலாளிங்க" என்று சொல்லிப்பார்த்தேன்.

"சமையலா சார்?" என்றார்.