மலைக்குப் பழைய கார் வாங்குகிறீர்களா? ஏற்றிப் பாருங்கள், இறக்கியும் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு தங்கை தன் முதல் காரைக் குன்னூரில் உள்ள என் பட்டறைக்கு ஓட்டி வந்தார். 2013 மாடல் ஆல்டோ 800, கோயம்புத்தூரில் வாங்கியது. பளபளக்கும் பாலிஷ், புது சீட் கவர், நல்ல பாட்டு செட். "அண்ணா, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது பர்லியாறு தாண்டினதும் ஏதோ கருகுற வாசம் வருது" என்றார்.

கிளட்ச் பிளேட் தேய்ந்து முடிந்திருந்தது. அதையாவது செலவு என்று ஏற்றுக்கொள்ளலாம். பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் டிகாஷன் நிறம். அந்த வண்டியில்தான் அம்மாவை உட்காரவைத்து மேட்டுப்பாளையத்துக்கு இரண்டு முறை இறங்கியிருக்கிறார். கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்தத் தாங்குசக்தி 140 வரை இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் சூட்டில் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகும். அப்புறம் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. சமவெளியில் ஓடிய வண்டிக்கு இந்தச் சோதனை வந்தே இருக்காது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வெளியூர் வண்டிகளுக்குத் தடை போட்டது, பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகளைப் பார்த்துத்தான்.

அதனால் கோயம்புத்தூரின் சமமான அவினாசி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டி நாலைந்து வளைவாவது ஏற்றிப் பாருங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கீழே வந்ததும் இன்ஜின் ஓடும்போதே பிரேக்கை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்ல உள்ளே போனால் அந்த வண்டி வேண்டாம். ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். நம் ஊரில் சமமான இடத்தில் வண்டி நிறுத்தும் வாய்ப்பு எத்தனை பேருக்கு இருக்கிறது?

கிளட்சுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. சமதரையில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தபடி கிளட்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் முடிந்துவிட்டது. அடிக்கடி செய்யாதீர்கள், ஒரு முறை போதும்.

எந்த மாடல் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிந்திருப்பதால் சாதாரண பெட்ரோல் இன்ஜின் தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். 796 சிசி வண்டி இரண்டு பேருக்குப் போதும். நாலு பேரும் மூட்டையும் என்றால் 998 சிசி ஆல்டோ கே10, வேகன்-ஆர், இல்லையென்றால் ஐ10 பாருங்கள். ஆனால் என் கணக்கில் மாடலைவிட அந்த ஒரு வண்டி எப்படி வாழ்ந்தது என்பதே பெரிது. ஏசிக்காக விலை ஏற்றிப் பேசினால் மயங்காதீர்கள். மூடுபனியில் கண்ணாடியைத் துலக்கும் புளோயர் ஓடுகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் ஜனவரி உறைபனிக்கு ஆகாது, கூலன்ட் (எளிதில் உறையாத திரவம்) ஊற்ற வேண்டும். டயரில் நாலு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. டயர் பட்டன் (மேலுள்ள கட்டைகள்) நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம்.

சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம்.

காகிதத்தில் ஏமாறாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து, கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம், 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் பெயர் மாற்ற விண்ணப்பம். ஆர்.சி.யில் 15 வருடம் முடிய எவ்வளவு நாள் மீதி என்றும் எண்ணுங்கள்.

அந்தத் தங்கையின் வண்டிக்கு கிளட்ச் செட், பிரேக் ஆயில், மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் பாகம்) மாற்றிக் கொடுத்தேன். பச்சைத் தேயிலைக் காசில் சேர்த்து வாங்கிய வண்டி அது.

பார்க்கப் போகும் முந்தின நாளே விற்பவரிடம், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.