முகம் ஊதியது என்று குளிசையை நிறுத்தாதீர்கள்

"என்ன பிள்ளை, முகமெல்லாம் ஊதிக் கிடக்கு?" கலியாண வீட்டிலும் கோயிலிலும் அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். கேட்கப்பட்ட பிள்ளை அடுத்த கிழமையே குளிசையை நிறுத்திவிடுகிறாள். வன்னியில் லூபஸ் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவராக, இந்தக் கேள்வியை நினைத்தாலே எனக்குப் பயம்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குவதுதான் லூபஸ். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள் தொடங்கும். மூட்டு நோகும், முடி கொட்டும், காய்ச்சல் விட்டு விட்டு வரும். இரு கன்னத்திலும் மூக்கின் மேலும் தடிப்புப் படரும். நம் நிறத்தில் அது சிவப்பாக இல்லாமல் கருமையாகவும் தெரியலாம். இது தொற்றாது. சிறுநீரகத்தையும் பிடிக்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் என்றாலே தண்ணீரைக் குறை சொல்லிப் பழகிவிட்டோம். இளம் பெண்ணுக்குக் கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் லூபஸையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நோயை அடக்கக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை கன்னங்களில் கொழுப்பைச் சேர்க்கும், பசியைத் தூண்டும். உயர்தரம் எழுதப் போன ஒரு மாணவியின் அடையாள அட்டையையும் முகத்தையும் மண்டபத்தில் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்கள். அதோடு அவள் ரியூசனுக்குப் போவதையும் விட்டுவிட்டாள். கிளினிக்கில் மருந்துப் பையைக் கொட்டச் சொன்னேன். கடதாசி உறைக்குள் பாதிக் குளிசைக்கு மேல் அப்படியே கிடந்தது. "நிப்பாட்டினா முகம் வத்தும் எண்டு நினைச்சன் டொக்டர்" என்றாள்.

வற்றத்தான் செய்யும். ஆனால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து, மாதக் கணக்கில் வற்ற வேண்டும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் இதே வகை ஹோர்மோனைத் தினமும் சுரக்கின்றன. சில கிழமைகள் தொடர்ந்து குளிசை எடுத்தாலே அவை மந்தமாகிவிடலாம். திடீரென நிறுத்தினால் வாந்தி வரும், தலை சுற்றும், இரத்த அழுத்தம் விழும். உயிரே போகலாம். அடங்கிய லூபஸும் திரும்பக் கிளம்பும்.

முகம் மாறுவது தாங்க முடியாமல் இருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அது சின்ன விஷயமில்லை. ஸ்டீரொயிட்டைக் குறைக்க உதவும் வேறு மருந்துகள் இருக்கின்றன. முகம் ஊதும், பிறகு வற்றும் என்று முதல் நாளே சொல்லிவைப்பது எங்கள் கடமை. சொல்லிவைத்த பிள்ளைகள் எவ்வளவோ தைரியமாக இருக்கிறார்கள்.

வெயில் இந்த நோய்க்கு எதிரி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகலாம், வயலுக்கும் போகலாம். ஆனால் குடையும் நீளக்கைச் சட்டையும் வேண்டும், உச்சி வெயிலைத் தவிர்க்க வேண்டும். தடிப்பை மறைக்க, வெள்ளையாக்கும் கிறீமைக் கடையில் வாங்கிப் பூசாதீர்கள். அவற்றில் சிலவற்றில் சொல்லாமலே ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது, தோல் மெலிந்துவிடும்.

உறவினர்களிடமும் ஒரு வேண்டுகோள்: முகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். "சாப்பிட்டியா, படிப்பு எப்படிப் போகுது" என்று கேளுங்கள்.

அப்புறம், கிளினிக் நாளுக்கு முன்பே குளிசை முடிந்துவிட்டால் கிளினிக் கொப்பியோடு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தியால் குளிசை வயிற்றில் தங்கவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும். போனதும், கனகாலமாக ஸ்டீரொயிட் எடுக்கிறேன் என்பதை முதலில் சொல்லுங்கள்.