விரல் மூட்டு வலிக்கும் தொப்பைக்கும் என்ன தொடர்பு?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி மூன்றும் இருக்கின்றன. மூன்று டாக்டர்கள், மூன்று மருந்துச் சீட்டு. சாப்பாட்டை மாற்றச் சொல்வது மட்டும் மூவரும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள். ஒரே சாப்பாடு எப்படி மூன்று நோய்க்குள்ளும் நுழைகிறது?

பதிலில் பெரும்பங்கு தொப்பைக்குள் இருக்கிறது. முள் குத்திய இடம் சிவந்து வீங்குவது நமக்குத் தெரிந்த அழற்சி. கிருமியை விரட்டியதும் அடங்கிவிடும். வலியே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சியும் உண்டு. குடலைச் சுற்றிய கொழுப்பு அதன் முக்கியமான ஊற்று.

தேவைக்கு மேல் போகும் சோறும் இனிப்பும் எண்ணெயும் கடைசியில் கொழுப்புச் செல்களில் சேர்கின்றன. செல் பெருத்துப் பெருத்து, ஆக்சிஜன் போதாமல் திணறி, சில செத்தும் போகின்றன. செத்த செல்லை விழுங்குவது மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுவின் வேலை. ஆனால் இந்தச் செல்லோ அதைவிடப் பல மடங்கு பெரியது, ஒன்றால் விழுங்க முடியாது. எனவே பல மேக்ரோஃபேஜ்கள் கூடி, சுற்றிலும் வளையம் கட்டி நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. எத்தனை பொறுமையான வேலை! ஒன்றை முடிப்பதற்குள் இன்னொரு செல் சாகிறது. நிற்கும் நேரமெல்லாம் டிஎன்எஃப், ஐஎல்-6 என்ற எச்சரிக்கைப் புரதங்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. கொழுத்த எலிகளின் கொழுப்பில் டிஎன்எஃப் சுரப்பதை 1993-இல் பாஸ்டனில் ஹோட்டாமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் குழு கண்டது. அதைத் தடுத்ததும் இன்சுலின் மேலும் நன்றாக வேலை செய்தது.

காரணம் இதுதான்: இன்சுலின் வந்து செல்லின் காலிங் பெல்லை அழுத்துகிறது, டிஎன்எஃப் உள்ளே வயரைக் கழற்றி வைத்திருக்கிறது. சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. இதே புரதங்கள் ரத்தக்குழாய்ச் சுவர் தளர்வதைக் கெடுத்துப் பிரஷரை ஏற்றவும், மூட்டுக் குருத்தெலும்பை அரிக்கவும் துணைபோகின்றன. முழங்கால் தேய்வது உடல் எடையால் மட்டும் என்றால், பருமனானவர்களுக்கு எடையே தாங்காத கைவிரல் மூட்டுகளும் ஏன் அதிகம் தேய வேண்டும்?

ஒல்லியானவர்களும் தப்புவதில்லை. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யட்கின் இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 22.3. ஆனால் 2004-இல் அவர்களே வெளியிட்ட கணக்குப்படி யட்கின் உடலில் கொழுப்பு 9.1%, யாஜ்னிக் உடலில் 21.2%.

சரி, அழற்சியை அடக்கினால் நோய் குறையுமா? 2017-இல் வெளிவந்த கேன்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்த 10,061 பேரில் ஒரு பிரிவினருக்கு அழற்சியைத் தடுக்கும் ஊசி போட்டார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் குறையவில்லை. ஆனாலும் 150 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15% குறைந்தன. கூடவே, உயிரைப் பறிக்கும் தொற்றுகள் அதிகமாகின. நோயெதிர்ப்பை மருந்தால் அமுக்குவதன் விலை அது.

சாப்பாட்டில் அந்த விலை இல்லை. பயறு, கீரை, சிறுதானியத்தின் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலமாக மாற்றுகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். சுவர் உறுதியாக இருந்தால் பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து அழற்சியைக் கிளப்புவது குறையும். மஞ்சள் பால் மட்டும் குடித்தால் போதும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். மஞ்சளில் உள்ள குர்குமினைக் குடல் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சுகிறது. மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

ஊசி ஆய்வுக்கு மருந்து நிறுவனம் பணம் போட்டது. கம்புக்கும் தட்டைப்பயறுக்கும் காப்புரிமை இல்லை, எந்த நிறுவனமும் பணம் போடாது. ஸ்பெயினில் ஆலிவ் எண்ணெயையும் கொட்டைப்பருப்புகளையும் இதயநோயைத் தடுக்கின்றனவா என்று 7,447 பேரிடம் சோதித்தது பெரும்பாலும் அரசுப் பணத்தில்தான். நம் சாப்பாட்டுக்கும் அந்த அளவில் ஓர் ஆய்வை நம் அரசு நடத்த வேண்டும்.